உறங்கும் முன் ஒரு படப் புத்தகம்: சேலத்துப் பெற்றோருக்கும் நூலகத் துறைக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்பேசியைக் கையில் கொடுத்தால்தான் பிள்ளை படுக்கிறது என்ற கவலை இன்று எல்லா வீட்டிலும் கேட்கிறது. செல்பேசியைப் பிடுங்கி வைக்கலாம். பிடுங்கிய பிறகு அந்தக் கால் மணி நேரத்துக்கு என்ன செய்வது என்பதில்தான் பெற்றோர் தடுமாறுகிறார்கள். சின்னஞ்சிறு பிள்ளைகளோடு படப் புத்தகம் வாசிப்பதைச் சேலத்தில் பெற்றோருக்குப் பழக்கிவருகிற நாங்கள் சொல்வது இதுதான்: ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, தினமும் இரவு, பிள்ளையோடு சேர்ந்து ஒரு படப் புத்தகம் பாருங்கள். அதைப் பாடமாக்கிவிடாதீர்கள். எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வேலை பகலுக்கு உரியது. இரவுப் புத்தகம் பிள்ளையும் பெரியவரும் பேசிக்கொள்வதற்கு.

எவ்வளவு வாசிக்கிறோம் என்பதைவிட எப்படி வாசிக்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்று காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் வைட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 1988-ல் அதை வெளியிட்டார்கள். இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகள் உள்ள குடும்பங்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வாசித்தார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும், பிள்ளையைப் பேசவைத்து, அது சொன்னதை நீட்டிச் சொல்லி வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு மாத முடிவில் அந்தப் பிள்ளைகள் பேச்சுத் திறனில் மற்றப் பிள்ளைகளைவிடச் சில மாத வளர்ச்சி முன்னால் இருந்தார்கள். இந்த முறைக்குப் பெரிய செலவோ படிப்போ வேண்டாம். ஆனால் சில நுணுக்கங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் நேரம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பகல் தூக்கத்தையும் சேர்த்து 1, 2 வயதுப் பிள்ளைக்கு 11 முதல் 14 மணி நேரமும், 3, 4 வயதுப் பிள்ளைக்கு 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும். காலை ஆறரைக்கு எழ வேண்டிய பிள்ளை எட்டரைக்காவது கண் மூடியிருக்க வேண்டும். அப்படியானால் எட்டு மணிக்குப் புத்தகம் திறக்க வேண்டும். ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குப் புத்தகத்தை எடுத்தால் பிள்ளை கண்ணைக் கசக்கும், சிணுங்கும், புத்தகத்தை வீசும். "எம் பிள்ளைக்குப் புத்தகமே புடிக்கல" என்று சொல்கிற பெற்றோரிடம் நாங்கள் முதலில் விசாரிப்பது மணியைத்தான். பெரும்பாலும் தூக்கம் மிஞ்சிய நேரமாக இருக்கும்.

சாப்பாடு, பல் துலக்குதல், ஒன்றுக்குப் போய் வருதல், கொசுவலை கட்டுதல் எல்லாம் முடித்து, தலைமாட்டில் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்த பிறகே புத்தகத்தைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் பக்கத்தில் "தண்ணி" என்றும் ஐந்தாம் பக்கத்தில் "ஒன்னுக்கு" என்றும் இரண்டு முறை எழ வேண்டிவரும். அதற்குள் கதை அறுந்துவிடும். இரண்டு புத்தகம், பத்து முதல் பதினைந்து நிமிடம் போதும். எத்தனை புத்தகம் என்பதைத் தொடங்கும்போதே சொல்லி, அந்த இரண்டையும் பிள்ளையையே எடுத்துவரச் சொல்லுங்கள். மூன்றாவதற்கு அடம் வந்தால், "அத நாளைக்கு மொதல்ல படிக்கலாம் கண்ணு" என்று தலையணைக்குப் பக்கத்தில் எடுத்துவையுங்கள். மறுநாள் சொன்னபடி அதிலிருந்தே தொடங்குங்கள்.

வெளிச்சமும் உட்காரும் விதமும் அடுத்தது. ஜீரோ வாட் பல்பில் படம் தெரியாது. தலைக்கு மேல் இருக்கும் டியூப் லைட், வழவழப்பான தாளில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும். வெள்ளை வெளிச்சம் தூக்கத்தையும் தள்ளிப்போடும். ஐந்து வாட் எல்.இ.டி. பல்பு, பெட்டியில் 'வார்ம் ஒயிட்' என்று போட்டிருப்பது, உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி இருந்தால் போதும். மல்லாந்து படுத்துப் புத்தகத்தை மேலே தூக்கிப் பிடிப்பவர்கள் பலர். கை வலித்துப் புத்தகம் தாழும், வெளிச்சம் அட்டைக்குப் பின்னால் போய்ப் படம் இருட்டாகும், கனமான அட்டைப் புத்தகம் என்றால் பிள்ளையின் முகத்தில் விழவும் கூடும். சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை மடியிலும் அதற்கு மேற்பட்டதைப் பக்கத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் பிள்ளையின் கண்ணிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவாக, 30 சென்டிமீட்டர் அளவில் இருக்கட்டும்.

பக்கத்தைத் திருப்புவது பிள்ளையின் வேலை. ஒரு வயதில் இரண்டு மூன்று தாளைச் சேர்த்துப் புரட்டும், புரட்டட்டும். "அய்யோ, ஒரு பக்கம் விட்டுப்போச்சு" என்று திரும்பப் போகாமல், திறந்த பக்கத்தில் பேச்சைத் தொடங்குங்கள். கெட்டி அட்டையை ஒவ்வொன்றாகத் திருப்ப ஒன்றரை வயதாகும். மெல்லிய தாளைக் கிழிக்காமல் திருப்ப இரண்டு, இரண்டரை ஆகும். அதற்கு முன் மெல்லிய தாள் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுக் கிழித்தால் திட்டுவது நியாயமில்லை.

இனிப் பேச்சு. புதுப் புத்தகத்தை முதல் இரவு அதிகம் கேள்வி கேட்காமல் கதையாகச் சொல்லி முடியுங்கள். இரண்டாவது மூன்றாவது இரவிலிருந்து பிள்ளையைப் பேசவிடுங்கள். அதற்கு ஒரு வரிசை உண்டு. படத்தைக் காட்டிக் கேளுங்கள், காத்திருங்கள், பிள்ளை சொன்னதை ஒப்புக்கொண்டு இரண்டு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள், அதைப் பிள்ளையும் சொல்லிப் பார்க்க இடம் கொடுங்கள். "இங்க யாரு இருக்கா?" "நாயி." "ஆமா சாமி, கருப்பு நாயி. வால ஆட்டுது பாரு." "வால் ஆத்துது." அவ்வளவுதான். இதில் பலரும் தவறவிடுவது காத்திருப்பதை. கேட்ட மறு நொடியே பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம். இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கேள்வியைப் புரிந்துகொண்டு, சொல்லைத் தேடி, வாயில் கொண்டுவர நேரம் பிடிக்கும். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அதற்குப் பிறகும் பதில் வராவிட்டால் நீங்களே சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்; வற்புறுத்த வேண்டாம்.

பிள்ளை தப்பாகச் சொன்னால் "இல்ல, தப்பு" என்ற சொல் வேண்டாம். குதிரையை மாடு என்றால், "ஆமா, மாட்டுக்கு மாதிரியே நாலு காலு இருக்கு, வாலு இருக்கு. இது குதிரை. கொம்பு இல்ல பாரு" என்று சொல்லலாம். பிள்ளை எதைப் பார்த்து மாடு என்றதோ அதை மதித்துவிட்டு, வேறுபாட்டையும் காட்டியாயிற்று.

மூன்று வயதுக்கு மேல் "என்ன", "யாரு" என்பதிலிருந்து "ஏன்", "அப்புறம் என்ன ஆகும்" என்பதற்கு நகரலாம். படத்தைப் பிள்ளையின் வாழ்க்கையோடு தொடுத்துவிடுவதுதான் இதில் மிக நல்லது. வளைந்து வளைந்து போகும் ரோட்டுப் படம் வந்தால், "நாம ஏற்காடு பஸ்ல போனப்ப இப்படித்தான வளைஞ்சுச்சு? உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் பிள்ளையின் வயிற்றில் இன்னும் இருக்கும். சொல்வதற்கு விஷயம் நிறைய வரும். மலையில் வளரும் பிள்ளைக்கு மிளகுக் கொடியும் காட்டெருமையும் தெரியும். கடலும் ரயிலும் படத்தில்தான் முதலில் வரும். தெரிந்ததைப் பிள்ளை சொல்லட்டும், தெரியாததை நீங்கள் சொல்லுங்கள்.

எங்கள் அனுபவத்தில் இரவுப் புத்தகத்தைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று, பரீட்சை. "இது என்ன கலர்? எத்தனை பழம்? இது என்ன எழுத்து?" என்று பக்கத்துக்குப் பக்கம் கேட்டால், நான்காம் நாள் பிள்ளை புத்தகத்தை மூடிவிடும். பக்கத்துக்கு ஒரு கேள்வி போதும். சில பக்கத்தில் ஒன்றும் கேட்க வேண்டாம். மற்றது, கடைசிப் பக்கத்தில் "இதுல இருந்து என்ன தெரிஞ்சுது?" என்று நீதி கேட்பது. மூன்று வயதுப் பிள்ளைக்கு அணில் பழம் தின்றது தெரிந்தது. அது போதும்.

எழுத்தைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோருக்கு ஒன்று. வாசித்துக் காட்டும்போது பள்ளிக்குப் போகாத பிள்ளைகளின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட முழு நேரமும் படத்தில்தான் இருக்கிறது, எழுத்துப் பக்கம் போவதே அரிது. ஆகவே எழுத்தை நோக்கி இழுக்க வேண்டாம். நான்கு வயதுக்கு மேல், தலைப்பையும் பக்கத்துக்கு ஒரு வரியையும் விரலால் தொட்டுக்கொண்டே வாசித்தால், எழுத்து இடமிருந்து வலமாகப் போகிறது என்பது தானாகப் பிடிபடும்.

தமிழ் வீடுகளுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. நாம் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது வேறு தமிழ். "அணில் மரத்தின் மீது ஏறியது" என்பது இரண்டு வயதுப் பிள்ளையின் காதில் பாதி அந்நியமாகவே விழும். அந்த வயதில் அச்சில் இருப்பதை விட்டுவிடுங்கள். "அணிலு மரத்து மேல ஏறிடுச்சு" என்று வீட்டுப் பேச்சிலேயே சொல்லுங்கள். மூன்று வயதானதும் அச்சில் உள்ள வரியை முதலில் அப்படியே வாசித்து, உடனே பேச்சில் ஒரு முறை சொல்லுங்கள். பல இரவுகள் கேட்ட புத்தகத்தில் பேச்சு வடிவம் தேவையில்லாமல் போய்விடும். பிள்ளையே "ஏறியது" என்று முடித்துக்கொடுக்கும். பள்ளியில் திடீரென்று எதிர்கொள்ளப் போகிற தமிழ், அம்மாவின் குரலில் முன்பே பழகியிருக்கும். இதை ஒரு பெரிய பலனாக நாங்கள் நினைக்கிறோம். வாசிக்கிறவர் எந்த நிலையில் எதைச் சொல்ல வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

சேலத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ சௌராஷ்டிரமோ பேசுகிற குடும்பங்கள் ஏராளம். அவர்கள் படத்தை வீட்டு மொழியிலேயே பேச வேண்டும். படத்துக்கு மொழி கிடையாது. இரவு தறி ஓட்டுகிற, கொலுசுப் பட்டறையில் கூடுதல் நேரம் வேலை பார்க்கிற, ஷிப்டுக்குப் போகிற பெற்றோரின் வீட்டில் பிள்ளையைத் தூங்கவைப்பது அப்பாயியோ அம்மாயியோதான். "எனக்குப் படிக்கத் தெரியாதே சாமி" என்று அவர்கள் ஒதுங்குவதைப் பார்க்கிறோம். ஒதுங்கவே வேண்டாம். எழுத்தே இல்லாத, படம் மட்டும் உள்ள புத்தகங்கள் இருக்கின்றன. எழுத்து உள்ள புத்தகத்தையும் படத்தை வைத்தே சொல்லலாம். எழுத்தைப் பார்த்து வேகமாக ஓடிவிடுகிற படித்த பெற்றோரைவிட, படத்தில் நின்று பேசுகிற பாட்டியிடம் பிள்ளை அதிகம் பேசும். பக்கத்து அறையில் விசைத்தறி ஓடுகிற வீடு என்றால் குரலை உயர்த்திச் சத்தத்தோடு போட்டி போட வேண்டாம். பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில் வாய் வைத்துச் சின்ன வாக்கியமாகச் சொல்லி, விரலால் அதிகம் காட்டுங்கள்.

பேசவைத்தால் பிள்ளை உற்சாகமாகித் தூங்காதே என்று கேட்கலாம். சரியான கேள்வி. அதனால்தான் இரண்டு புத்தகம். முதல் புத்தகத்தில் பேச்சு, சத்தம், மாடு போல் கத்துவது எல்லாம். இரண்டாவது, பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த பழைய புத்தகமாக இருக்கட்டும். கேள்வி எதுவும் இல்லாமல், குரலைப் பக்கத்துக்குப் பக்கம் தாழ்த்தி, மெதுவாக வாசியுங்கள். பேய், தொலைந்துபோன பிள்ளை, அம்மாவைப் பிரிந்த குட்டி ஆகியவை வரும் புதுக் கதைகளைப் பகலில் ஒரு முறை பார்த்துவிட்டு, பிள்ளை பயப்படவில்லை என்று தெரிந்த பிறகே இரவுக்குக் கொண்டுவாருங்கள்.

ஒரே புத்தகத்தை மாதக் கணக்கில் கேட்டால் ஒளித்துவைக்காதீர்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2011-ல் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், வெவ்வேறு கதைகளில் புதுச் சொற்களைக் கேட்டவர்களைவிட ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களே அந்தச் சொற்களை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். கதை தெரிந்துவிட்ட பிறகுதான் பிள்ளைக்குப் படத்தின் மூலையில் இருக்கும் எறும்பைப் பார்க்க நேரம் கிடைக்கிறது.

புத்தகம் தேர்ந்தெடுப்பதைப் பற்றி. ஒரு வயதுக்குள் கெட்டி அட்டை, 8 முதல் 12 பக்கம், பக்கத்துக்கு ஒரு பொருள் அல்லது ஒரு முகம். ஒரு பக்கத்தில் இருபது படம் நெருக்கியடித்து, கீழே ஆங்கிலப் பெயர் போட்ட புத்தகங்கள்தான் கடைகளில் அதிகம். அவை பெயர்ப் பட்டியல், அவற்றில் பேச ஒன்றும் இராது. இரண்டு வயதுக்குப் பக்கத்துக்கு ஒரு வரி, அதிலும் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி இருந்தால் நல்லது. மூன்றுக்கு மேல் இரண்டு முதல் நான்கு வரி. சேலம் புத்தகத் திருவிழாவுக்குப் போகிறவர்கள், வாங்குவதற்கு முன் ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். ஆங்கிலத்திலிருந்து அப்படியே பெயர்த்த தமிழ் என்றால் நாக்கு உடனே தடுக்கும். கரும்படத்தின் மேல் அச்சடித்த எழுத்து இரவு விளக்கில் தெரியாது என்பதையும் கவனியுங்கள். 1957-ல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட் தமிழிலும் குறைந்த விலையில் படப் புத்தகம் தருகிறது. சென்னையிலிருந்து துலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் படப் புத்தகங்களை வெளியிடுகிறது.

காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு ஒரு வழி. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளமாக உள்ளன; இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம், உரிமத்திலேயே அனுமதி இருக்கிறது. அதைச் செல்பேசித் திரையிலேயே காட்டிவிடலாமே என்று தோன்றும். திரையில் காட்டும்போது பேச்சு பொத்தானைப் பற்றியும் விரலைப் பற்றியும் போய்விடுகிறது. தாளாக்கிக் கையில் கொடுங்கள். 16 பக்கக் கதைக்கு நான்கு ஏ4 தாள் போதும். ஜெராக்ஸ் கடையில் 'புக்லெட்' என்று சொல்லி, இருபக்கமும் அடிக்கச் சொல்லுங்கள். குறுகிய ஓரத்தில் திருப்பும்படி அமைக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கம் தலைகீழாக வரும். வெளித்தாளின் ஒரு பக்கத்தில் 16-ம் 1-ம், மறுபக்கத்தில் 2-ம் 15-ம் வந்திருந்தால் வரிசை சரி. தாளின் கனத்தை ஜி.எஸ்.எம். என்ற அளவில் சொல்வார்கள். சாதாரண 70 ஜி.எஸ்.எம். தாளில் பின்பக்கப் படம் தெரியும். 100 அல்லது 120 கேட்டு வாங்குங்கள். படம் அகலவாட்டில் இருக்கும் கதையை இப்படி மடிக்க முடியாது. தாளின் ஒரு பக்கம் மட்டும் அடித்து, இரண்டிரண்டாக முதுகோடு முதுகு ஒட்டி இடது ஓரத்தில் தைக்க வேண்டும்.

மடித்த தாளுக்கு ஸ்டேப்ளர் பின் வேண்டாம். பின் கழன்று வாய்க்குள் போகும். ஏற்காட்டு ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தாளையும் அரிக்கும். மடிப்பின் நடுவில் ஒரு துளை, மேலும் கீழும் ஆறு சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொன்று. நூலை உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே விட்டு, மேல் துளையில் உள்ளே வாங்கி, உள்பக்கமாகவே கீழ்த் துளைக்குக் கொண்டுபோய் வெளியே எடுத்து, மறுபடி நடுத்துளையில் உள்ளே வாங்கி இரண்டு முனையையும் முடிச்சுப் போடுங்கள். தறி நூல்தான் கையில் இருக்கிறது என்றால் நான்கு இழையாக முறுக்கிக்கொள்ளுங்கள். தனி இழை தாளை அறுக்கும். கைக்குழந்தைக்குக் கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டைகளில் காலண்டர் படம் ஒட்டி, மூலைகளை வட்டமாக வெட்டி, நாடாவால் கட்டலாம். ஜிகினா ஒட்டிய அட்டையை மட்டும் தவிர்க்க வேண்டும். அது உதிர்ந்து வாயில் ஒட்டும்.

புத்தகம் கிழிந்தால் செல்லோ டேப் வேண்டாம். கொஞ்ச நாளில் மஞ்சளித்துப் பிசுபிசுக்கும். மெல்லிய வெள்ளைத் தாளை ஃபெவிகாலில் ஒட்டுங்கள். மைதாப் பசைக்கு இராமபாணப் பூச்சி வரும். மலையில் பூஞ்சை பிடித்த புத்தகத்தை வீட்டுக்கு வெளியே துடைத்து நிழலில், காற்றில் உலர்த்துங்கள். உச்சி வெயிலில் வைத்தால் அட்டை வளைந்து நிறம் வெளுக்கும். அழுத்தமான பூஞ்சை என்றால் பிள்ளை கையில் திரும்பக் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக, நூலகத் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் எங்கள் கோரிக்கை. தமிழ்நாடு பொது நூலகச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. வீட்டு வரியோடு நூலக வரியையும் நாம் கட்டுகிறோம். அந்த வரியில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் பங்கு உண்டு. கிளை நூலகங்களில் படப் புத்தகங்கள் பெரியவர் உயரத் தட்டில், முதுகு மட்டும் தெரியும்படி செருகியிருந்தால் அவை பிள்ளையின் கண்ணில் படவே படாது. முன்னட்டை தெரியும்படி, இரண்டடி உயரத்துக்குள் ஒரு சாய்வுத் தட்டு வைக்க வேண்டும். பெற்றோர் அட்டையின் பேரில் ஒரே தடவையில் நான்கு படப் புத்தகமாவது வீட்டுக்குத் தர வேண்டும். பதினாறு பக்கப் புத்தகம் ஒன்று இரண்டு வார இரவுகளுக்குக் காணாது. வேலை முடித்து வருகிற பெற்றோருக்காக வாரத்தில் இரண்டு நாளாவது சிறுவர் பகுதியை இரவு எட்டு வரை திறந்து வைக்க வேண்டும்.

ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்கு நூலகம் எட்டாத தொலைவு. அங்கே அங்கன்வாடிதான் வழி. அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படி பிரித்துத் தந்திருக்கும் சிறு புத்தகங்களில், 'நுழை' படிப் புத்தகங்கள் நான்கு வயதுப் பிள்ளைக்கும் பொருந்தும். அவற்றோடு எழுத்தில்லாப் படப் புத்தகங்களும் சேர்த்து, அங்கன்வாடிக்கு முப்பது புத்தகம் கொண்ட ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி தரலாம். ஈரம் இழுக்கிற சிலிக்கா பொட்டலம் இரண்டை உள்ளே போட்டு, மழை மாதங்களில் அவற்றை மாற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைக்கு ஒன்று, திங்கள் காலை திரும்ப. ஒரு கோடு போட்ட நோட்டில் பிள்ளையின் பெயரும் புத்தகத்தின் பெயரும் எழுதினால் கணக்கு முடிந்தது. கிழிந்து வந்த புத்தகத்துக்குப் பணியாளரிடமோ பெற்றோரிடமோ பணம் பிடிக்கக் கூடாது என்று ஆணையிலேயே எழுதிவிட வேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு பீரோவுக்குள் வைத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
குழந்தைகளுக்கான வாசிப்புத் தன்னார்வலர்கள்,
சேலம்.